உருளும் அடுக்களை

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் உடை நம்மோடு உடன் வருவது. உறையுள் நின்றவிடத்தே நிற்பது. உணவோ, ஒருகால் நாம் அதனைத் தேடிச் செல்வதும், ஒருகால் அது நம்மைத் தேடி வருவதுமாக இருதிறப்படும். நம்மைத் தேடிவரும் உணவைப்பற்றி, சிறப்பாகச் சக்கரத்தின்மேல் ஏறிவரும் உணவைப்பற்றி, ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

இதற்கு வாய்ப்பாக அமைந்தது சென்ற பருவத்தில் ஒரு சனிக்கிழமை மாலை யாம் மேற்கொண்ட சிறு உலாவாகும். விடுதித் தோழர் ஐவர் ஒருங்கு கூடினோம். தேர்வு முடிந்திருந்தது, திங்கட்கிழமை வரையில் எழுதிக் கொடுக்கவேண்டுவது ஒன்றுமில்லை, கையில் ஆளுக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் இருந்தது. ‘ஃபுட் டிரக்’ என்று இந்நாளில் வழங்கும் உணவு வண்டிகள் கடற்கரையில் நிற்பதாகக் கேள்வியுற்றுப் புறப்பட்டோம். உண்ணும் அவாவே எம்மை ஈர்த்துச் சென்றதென்பதை யாம் மறைக்கின்றிலேம். ஆயினும், சென்றவிடத்துக் கண்ட ஒன்று எம் உள்ளத்தைத் தைத்தமையால், திரும்பிவந்து நூலகம் புகுந்து, இவ்வண்டிகளின் அமைப்பையும் வரலாற்றையும் அவற்றைப்பற்றிய சட்டத்தையும் ஒருவாறு கற்றோம். கண்டதும் கற்றதுமாகிய இரண்டனையும் சேர்த்து இக்கட்டுரையாக்கினோம்.

கடற்கரையிற் கண்டவை

பெசன்ட் நகர்க் கடற்கரையை யாம் அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. 1930-ஆம் ஆண்டில், நீரில் மூழ்குவாரைக் காக்கப் புகுந்து தம் உயிரைக் கொடுத்த டென்மார்க் நாட்டினர் ஷ்மிட் என்பாருக்கு எழுப்பிய வெண்ணிற நினைவு மண்டபத்தருகே சிறுவர் பந்தாடிக்கொண்டிருந்தனர். சாலையின் ஒருபால் நான்கு உணவு வண்டிகள் வரிசையாக நின்றன.

முதல் வண்டி, ஊரார் ‘குட்டி யானை’ என்று செல்லமாக அழைக்கும் சிறு சரக்கு வண்டி. அதன் பின்புறத்தில் தகரப் பெட்டியொன்றைப் பொருத்தி, மஞ்சள் வண்ணம் தீட்டி, மேலே சரவிளக்குத் தொங்கவிட்டிருந்தனர். பணியாரக் கல்லில் மாவை வார்த்து, குழிதோறும் வேறு வேறு பொருளை இட்டு, கீரைப் பணியாரம் முதல் சாக்கலேட்டுப் பணியாரம் ஈறாக ஒரு தட்டில் ஏழுவகை தந்தனர். இரண்டாவது வண்டியில், பரோட்டாவை விரித்து, சுட்ட கோழியிறைச்சியும் வெங்காயமும் உள்ளே வைத்துச் சுருட்டிக் கொடுத்தனர். மூன்றாவது வண்டிக்கு உரியார் பொறியியற் பட்டம் பெற்ற இளைஞர் இருவர். மரவள்ளிக்கிழங்கை மெல்லிதாகச் சீவிப் பொரித்து, அதன்மேல் மீன்குழம்பைச் சுண்டக் காய்ச்சி ஊற்றுவது அவர் கண்ட புதுமை. நான்காவது தேநீர் வண்டி. தட்டொன்று 120 ரூபாயிற் குறைந்ததில்லை. ஆயினும் உணவு நன்றாகவே இருந்தது. அவ்விளைஞர்தம் உழைப்பும் ஊக்கமும் பாராட்டத்தக்கனவே.

வரிசையின் கடைசியில், விளக்கொளி மங்குமிடத்தில், முதியவள் ஒருத்தியின் தள்ளுவண்டி நின்றது. பட்டாணிச் சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் விற்றாள். அவற்றோடு, ஓமவல்லி இலையைக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்த பஜ்ஜியும் ஒரு தட்டில் இருந்தது. எம் தோழர் ஒருவர், “அங்கே இருப்பது கலை, இங்கே இருப்பது வெறும் பஜ்ஜி” என்றார். யாமும் நகைத்தோம். ஒருவர்மட்டும் நகைத்திலர். அவர் பேசாது சென்று, “ஆயா, ஓமவல்லி பஜ்ஜி நான்கு கொடுங்கள்” என்று வாங்கி, நின்றபடியே உண்டார்.

அவர் உண்டு முடிப்பதற்குள் சீருடையணிந்த ஒருவர் வந்தார். வண்ண வண்டிகளைக் கடந்து நேரே தள்ளுவண்டியண்டை சென்று, “எடு, எடு” என்றார். ஆயா மறுமொழி ஒன்றும் கூறவில்லை. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை இறக்கவும் பொழுதின்றி, ஒரு கையால் அதனைத் துணியோடு பற்றிக்கொண்டு, மறு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு இருளில் மறைந்தாள். நான்கு வண்டிகளும் நின்றவிடத்தே நின்றன. அவற்றின் உரிமையாளர் உரிய அனுமதி பெற்றிருந்திருக்கலாம். அவர்மீது எமக்குக் குறையொன்றுமில்லை. ஆனால், சிறிது முன்னர் எம் நகைப்பிற்கு ஆளானவளே இப்போது துரத்தப்பட்டமையால், அந்நகைப்பும் இத்துரத்தலும் ஒரே எண்ணத்தின் இருவேறு தோற்றங்களோ என்னும் ஐயம் எமக்கு எழுந்தது.

வண்டியின் அமைப்பு

முதற்கண், இவ்வண்டி எவ்வாறு அடுக்களையாகின்றது என்பதைக் காண்போம். ‘குட்டி யானை’ எனப்படுவது டாட்டா நிறுவனத்தார் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏஸ் என்னும் வண்டி. அது சுமக்கத் தக்கது ஏறத்தாழ முக்கால் டன். அடுக்களை முழுவதும் இவ்வெல்லைக்குள் அடங்குதல் வேண்டும். தண்ணீர் நூறு லிட்டர் எனின் நூறு கிலோ. வணிகத்திற்குரிய எரிவாயுச் சிலிண்டரில் வாயுமட்டும் 19 கிலோ, இரும்பின் எடை அதற்கு வேறு. இவற்றின்மேல் தோசைக்கல், அடுப்பு, குளிர்ப்பெட்டி, மாவு, எண்ணெய், இவற்றோடு ஆள் இருவர். பாரம் முழுதும் ஒருபுறம் சாயாதவாறு பரப்பி வைத்தல் வேண்டும். தொட்டியில் நீர் பாதியளவே இருப்பின், வண்டி திரும்புங்கால் அது ஒருபுறம் மோதி வண்டியையே சாய்க்கும். ஆதலின் தொட்டியினுள்ளே இடைத்தடுப்புகள் வைப்பர். அலமாரித் தட்டுகளின் விளிம்புகளை உயர்த்துவதும், குலுக்கத்தில் ஏனங்கள் விழாமைப் பொருட்டே.

எரிவாயுவின் இயல்பையும் அறிதல் நன்று. சமையலுக்குரிய எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே செல்லாது தரையிலே தங்கும். ஆகவே புகை செல்ல மேலே ஒரு வழி இருந்தாற் போதாது. கசிந்த வாயு வெளியேறத் தரையையொட்டியும் துளைகள் இருத்தல் வேண்டும். இதனை அறியாது நாற்புறமும் அடைத்துக் கட்டிய வண்டி அழகாயிருக்கலாம். உள்ளே நிற்பார்க்கு அஃது ஓர் இடர்க்கூண்டேயாம்.

இடம் சிறிதாதலின், சமைப்பவர் நின்றவிடத்தினின்று கையெட்டும் தொலைவில் எல்லாப் பொருளும் அமைதல் வேண்டும். இதனாலேயே உணவு வண்டிகளில் உணவின் வகை சுருங்குகின்றது. ஒரே மாவிலிருந்து தோசையும் ஊத்தப்பமும் பணியாரமும் ஆக்குவதும், ஒரே குழம்பைப் பலவற்றிற்கு ஊற்றுவதும் இச்சுருக்கத்தின் விளைவே. கண்டு வியக்கும் புதுமையிற் பெரும்பகுதி இடநெருக்கடியிலிருந்து பிறந்தது என்பதை யாம் அன்று உணர்ந்தோம். நறுக்குவது, அரைப்பது, ஊறவைப்பது முதலிய வேலைகளை விடியலில் வேறிடத்திலே முடித்துக்கொண்டே வண்டியில் ஏற்றுவர்.

நலத்திற்கு உரிய விதிகளும் சில உள. 5 பாகைக்கு மேலும் 60 பாகைக்குக் கீழுமாகிய வெப்பநிலையில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும். ஆகவே குளிர்ந்த உணவை 5 பாகைக்குக் கீழும், சூடான உணவை 60 பாகைக்கு மேலும் வைத்தல் வேண்டும். பொரித்த எண்ணெயையே மேன்மேலும் காய்ச்சினால் அதிலுண்டாகும் தீய சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாதென்னும் விதி இந்தியாவில் 2018-ஆம் ஆண்டு சூலை முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குப் பொருள்களைத் தமிழ்நாட்டரசு 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்தது. அதன்பின் பாக்குமட்டைத் தட்டுகள் பெருகின.

இனி, ஆயாவின் தள்ளுவண்டியை நினைவுகூர்வோம். நான்கு சைக்கிள் சக்கரங்களின் நடுவே அடுப்பு, காற்றைத் தடுக்க மூன்று பக்கமும் தகரம், வலக்கைப்புறம் மாவு, இடக்கைப்புறம் எண்ணெய் வடியும் தட்டு, கீழ்த்தட்டிலே தண்ணீர்க் குடம். பாரம் சக்கரங்களின்மீது ஒத்து நின்றது. எல்லாம் கையெட்டும் தொலைவில் இருந்தன. எரிவாயு தேங்குதற்குச் சுவரே இல்லை. பொறியியல் கற்ற இளைஞர் கணக்கிட்டு அமைத்தவற்றை அவள் பழக்கத்தால் அமைத்திருந்தாள். வண்டி வேறாயினும் அடுக்களையின் இலக்கணம் ஒன்றே.

அமெரிக்க நாட்டு வரலாறு

உணவு வண்டிகளின் இக்கால வடிவம் பெரிதும் அமெரிக்க நாட்டிலிருந்து வந்தமையால், அந்நாட்டு வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

அங்கு உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின், டெக்சாஸ் நாட்டு மாட்டு மந்தைகளை நெடுந்தொலைவு ஓட்டிச் செல்வது பெருந்தொழிலாயிற்று. ஓட்டுவோர் திங்கட்கணக்கில் வெட்டவெளியில் வாழ்தல் வேண்டும். சார்ல்ஸ் குட்நைட் என்னும் மந்தையாளர், 1866-ஆம் ஆண்டில், படையினர் பயன்படுத்திய பழைய வண்டியொன்றை வாங்கி, அதன் பின்புறத்தே பல அறைகளுடைய மரப்பெட்டியொன்றை அமைத்தார். பெட்டியின் மூடியைக் கீழே இறக்கினால் அதுவே சமையல் மேசையாகும். அவரை, உப்பிட்ட இறைச்சி, காப்பிக்கொட்டை முதலியவை அவ்வறைகளில் இருக்கும். ‘சக்வாகன்’ எனப்பட்ட இதுவே உருளும் அடுக்களைகளுள் பேர்பெற்றது.

1872-ஆம் ஆண்டில், பிராவிடென்ஸ் நகரத்தில், வால்ட்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியொன்றில் உணவு விற்கத் தொடங்கினார். நாவலாசிரியர் ஸ்காட் வேறு, இவர் வேறு. இரவில் உணவுச்சாலைகள் அடைத்தபின், செய்தித்தாள் அலுவலகத்தில் விடியுமளவும் வேலைசெய்வார்க்கு உணவில்லை; அவர் பசியே இவருக்கு வாணிகமாயிற்று. இவ்வகை வண்டிகள் பிற்காலத்து ஓரிடத்தில் நிலைபெற்று, ‘டைனர்’ என்னும் உணவகங்களாக மாறின.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1974-ஆம் ஆண்டு, மெக்சிகோவினின்று குடியேறிய ராவுல் மார்ட்டினஸ் என்பவர், ஐஸ்கிரீம் விற்ற பழைய வண்டியொன்றை அடுக்களையாக மாற்றி, ‘டாக்கோ’ என்னும் மெக்சிகோ நாட்டு உணவை விற்றார். சோள ரொட்டியை மடித்து, உள்ளே இறைச்சி வைப்பதே டாக்கோ. கட்டட வேலையாளரும் தோட்டத் தொழிலாளரும் நின்றுண்ட எளிய உணவு அது.

இந்நகரிலே 2008-ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை நம் கருத்திற்கு மிக இயைந்தவை. அவ்வாண்டு அவ்வட்டாரத்து ஆட்சிக் குழுவினர், டாக்கோ வண்டி ஓரிடத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் நிற்பது தண்டனைக்குரிய குற்றமென விதி செய்தனர். மக்கள் கிளர்ந்தெழுந்து எதிர்த்தனர். பின்னர் நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிற்று. அவ்வாண்டிறுதியில் ‘கோகி’ என்னும் புதிய வண்டி அந்நகர்த் தெருக்களில் தோன்றியது. அதன் சமையற்றலைவர் ராய் சோய், 1970-ஆம் ஆண்டு சியோல் நகரிற் பிறந்து, சிறு பருவத்திலேயே அமெரிக்காவிற்குக் குடியேறியவர். பெரிய ஓட்டல்களில் சமைத்தவர். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலை இழந்து நின்றார். கொரிய முறைப்படி சோயாச்சாறும் பூண்டும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைத்துச் சுட்ட விலா இறைச்சியை மெக்சிகோ ரொட்டியில் வைத்துக் கொடுத்தார் அவர். வண்டி எங்கே நிற்குமென்பதை டுவிட்டர் வாயிலாக அறிவிக்க, மக்கள் நள்ளிரவிலும் வரிசையில் நின்றனர். 2010-ஆம் ஆண்டில் ஒரு புகழ்பெற்ற உணவிதழ் அவரைச் சிறந்த புதிய சமையற்கலைஞருள் ஒருவராகத் தெரிந்தெடுத்தது. 2014-இல் வெளிவந்த ‘செஃப்’ என்னும் திரைப்படத்திற்குச் சமையல் கற்பித்தவரும் அவரே.

ஒரே நகரம், ஒரே ஆண்டு, ஒரே ரொட்டி. ஏழை மக்களின் பழைய வண்டி நிற்பது குற்றமென்று கருதப்பட்டது. புதிய வண்டி நிற்பது புகழென்று கொண்டாடப்பட்டது. ராய் சோயின் திறமையைக் குறைத்துக் கூறுவதன்று எம் நோக்கம். அப்பழைய வண்டிகள் முப்பதாண்டுகளாக வகுத்த வழியிலேயே அவர் வண்டியும் ஓடிற்று என்பதே யாம் கூறவருவது.

நம் நாட்டு வழக்கு

தமிழ்நாட்டில் தெருவில் உணவு விற்றல் நேற்றுத் தோன்றிய வழக்கன்று. மதுரைக்காஞ்சி மதுரைமாநகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கின்றது. பகற்சந்தை ஒன்று, இரவுச்சந்தை ஒன்று என இரண்டு இருந்தன என்க. சிலப்பதிகாரம் புகார் நகரத்தாரை வகுத்துக் கூறுங்கால், பிட்டு விற்கும் காழியரையும், அப்பம் விற்கும் கூவியரையும் வணிகரோடு ஒருங்கு வைத்து எண்ணுகின்றது. பெரும்பாணாற்றுப்படையிலும் கூவியர் கரிய சட்டியிற் சுட்ட அப்பம் உவமையாக ஆளப்பட்டுள்ளது. அவர் வண்டி வைத்திருந்தனர் என்று யாம் கூறுகின்றிலேம். தெருவில் அப்பம் சுடுவாரின் சட்டியைப் புலவர் உற்று நோக்கினர் என்பதும், அதனைத் தம் பாட்டில் வைப்பதற்கு நாணினாரல்லர் என்பதுமே ஈண்டுக் கொள்ளத்தக்கவை.

புதுமைக்கும் நம் தெருக்களிற் குறைவில்லை. இதனை எமக்குக் காட்டியவர், கடற்கரையில் நகையாது நின்ற அத்தோழரே. ஆயா மறைந்தபின் யாம் வாளா நின்றோம், அவர், “நீங்கள் புதுமை தேடி வந்தீர்கள் அல்லவா? வாருங்கள்” என்று எம்மைத் திருவான்மியூர் நிலையத்திற்கு அழைத்துச் சென்று, பறக்கும் இரயிலில் ஏற்றினார். கடைசி நிலையமாகிய சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, எதிரே பர்மா பஜாரையடுத்த தெருவிற்குச் சென்றோம். அங்கே தள்ளுவண்டிகள் பல, வண்ணமும் சரவிளக்குமின்றி நின்றன. ஒவ்வொன்றையும் சூழ்ந்து மக்கள் நெருங்கி உண்டுகொண்டிருந்தனர். அவ்வுணவின் பெயர் அத்தோ.

அத்தோ பர்மிய நாட்டு உணவு. பிழைப்புக்காகப் பர்மாவிற்குச் சென்ற தமிழர், தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தனர். 1962-ஆம் ஆண்டில் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின், கடைகளும் வாணிகமும் அரசுடைமையாயின. இந்தியர் பல்லாயிரக்கணக்கில், சேர்த்த பொருளை விட்டுக் கப்பலேறி வந்தனர். சென்னையில் இறங்கியோர் பலர் கையில் காசில்லை. நாவில் ஒரு சுவையும் நினைவில் ஒரு சமையலும் இருந்தன. அவற்றையே முதலாகக்கொண்டு தெருவில் வண்டி வைத்தனர்.

வேகவைத்த தடித்த நூடுல்சை, மெல்லிதாக அரிந்த முட்டைக்கோசு, வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பூண்டு பொரித்த எண்ணெய் ஆகியவற்றோடு ஒரு கிண்ணத்தில் இட்டுக் கையாலேயே பிசைவர். மேலே பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவுவர். உடன் வாழைத்தண்டு சேர்த்துக் காய்ச்சிய சூடான சாறும் தருவர். அவித்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயமும் பூண்டும் புளிநீரும் அடைத்துக் கொடுப்பதும் உண்டு. புளிப்பும் உறைப்பும் பூண்டின் மணமும் ஒருங்கே நாவில் எழுந்தன. பர்மாவின் நூடுல்சும் தமிழ்நாட்டின் புளியும் ஒரு கிண்ணத்திற் கலந்தது, கொரியாவின் இறைச்சியும் மெக்சிகோவின் ரொட்டியும் கலந்ததற்கு நாற்பதாண்டளவு முற்பட்டது. ஆயின், வடசென்னை மக்கள் இதனைப் புதுமையென்று கூறிக் கேட்டிலேம்; அத்தோ என்றே கூறுவர்.

அத்தெருவில் நின்றே அத்தோழர் தம் வரலாற்றைச் சுருங்கக் கூறினார். அவர் தந்தையார் தென்மாவட்டத்து ஊரொன்றின் பேருந்து நிலையத்தருகே தள்ளுவண்டியில் இட்டிலி விற்பவர். இவர் பத்தாம் வகுப்புப் படிக்கையில் ஒருநாள் அவ்வூரில் வண்டியை எடுத்துச் சென்றுவிட்டனர். வண்டி பதினைந்து நாட் கழித்து மீண்டது. இட்டிலிக் கொப்பரையும் அடுப்பும் மீளவில்லை. அவ்வாண்டுப் பள்ளிச் சம்பளத்திற்குத் தாயாரின் காதணி அடகுக்குச் சென்றது. “எடுத்த பொருளுக்குப் பட்டியல் கேட்கலாமென்று எங்களுக்குத் தெரியாது. சட்டம் இருந்தது, அதனை எடுத்துச் சொல்வார் இல்லை” என்றார். இரண்டாண்டு ஒரே விடுதியில் உடன் உண்டு உறங்கியும் யாம் இதனை அறிந்திலேம். அறிய முயன்றதுமில்லை.

சட்டம் கூறுவது

அவர் சொற்கேட்டபின் அச்சட்டத்தைத் தேடிப் படித்தோம். தெருவில் வாணிகம் செய்தல், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றம் 1989-ஆம் ஆண்டு சோதன் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் வழியில், தெருவோர வணிகர் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014-ஆம் ஆண்டு நிறைவேறி, அவ்வாண்டு மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் வருமாறு:

ஒவ்வோர் ஊரிலும் தெருவோர வணிகரைக் கணக்கெடுத்தல் வேண்டும். அக்கணக்கெடுப்பு ஐந்தாண்டிற்கு ஒருமுறையேனும் நிகழ்தல் வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் வெளியேற்றலாகாது. ஊரின் மக்கட்டொகையில் இரண்டரை விழுக்காடு வரையில் வணிகருக்கு இடமளித்தல் வேண்டும். நகர விற்பனைக் குழுவின் உறுப்பினருள் நூற்றுக்கு நாற்பதின்மர்க்குக் குறையாது வணிகரே இருத்தல் வேண்டும். அவருள் மூன்றிலொரு பங்கினர் பெண்டிர். சான்றிதழிற் குறித்த இடத்தினின்று ஒருவரை அகற்ற வேண்டின், முப்பது நாள் முன்னறிவிப்புத் தருதல் வேண்டும். பொருளைக் கைப்பற்றினால் பட்டியல் கொடுத்தல் வேண்டும். உரியவர் கேட்டால், அழுகும் பொருளை அன்றைக்கே கொடுத்தல் வேண்டும். அழுகாப் பொருளை இரண்டு வேலைநாளுக்குள் கொடுத்தல் வேண்டும். இட்டிலிக் கொப்பரை அழுகாப் பொருள். பதினைந்து நாள் எங்கே, இரண்டு நாள் எங்கே!

வணிகருக்குக் கடமைகளும் உண்டு. தாம் நிற்குமிடத்தைத் தூய்மையாக வைத்தலும், வழிநடப்பாரைத் தடுக்காதிருத்தலும் அவற்றுட் சில. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சிறு வணிகரும் தம்மைப் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். மோட்டார் வண்டியை அடுக்களையாக மாற்றுவோர், அம்மாற்றத்திற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் இசைவைப் பெறுதல் வேண்டும். இவை அனைத்தும் வேண்டுவனவே. ஆயினும், வண்ணம் பூசிய வண்டிக்கு ஒரு நீதியும் பூசாத வண்டிக்கு மற்றொரு நீதியும் இச்சட்டத்தில் யாண்டும் இல்லை. அவ்வேறுபாடு சட்டத்தினது அன்று, நம் கண்ணினது.

முடிவுரை

அடுத்த சனிக்கிழமை யாம் ஐவரும் மீண்டும் அக்கடற்கரைக்குச் சென்றோம். ஆயாவின் வண்டி, வரிசையினின்று நெடுந்தொலைவில், மணலோரத்தில் நின்றது. முன்னர் நகைத்த தோழரே முதலிற் சென்று ஓமவல்லி பஜ்ஜி வாங்கினார். அது மிக நன்றாயிருந்தது என்பதைக் கூறாது விடுதல் நேர்மையன்று. மெல்லிய மாவுப்போர்வைக்குள் இலையின் காரமும் மணமும் கெடாது நின்றன.

பின்னர், இட்டிலிக்காரர் மகனாகிய அத்தோழர் சட்டத்தைப்பற்றி அவளுக்கு எளிய சொற்களிற் கூறி, “ஆயா, உங்களுக்கு ஏதேனும் அட்டை கொடுத்திருக்கிறார்களா?” என்று கேட்டார். அவள் சுருக்குப்பையை அவிழ்த்து, நாலாக மடித்த பிளாஸ்டிக்கு உறையினுள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். “போட்டோ பிடித்துக் கொடுத்தார்கள் தம்பி. எனக்குப் படிக்கத் தெரியாது. தொலைக்கக் கூடாதென்றார்கள்; தொலைக்கவில்லை” என்றாள். அது தெருவோர வணிகர் அடையாள அட்டை. அதனை இத்தனை நாளும் கைவசம் வைத்துக்கொண்டே அவள் இருளுக்கு ஓடியிருக்கின்றாள்.

யாம் அதனை ஒவ்வொரு வரியாக அவளுக்குப் படித்துக் காட்டினோம். படியெடுத்துக் கொடுத்து, ஒன்றை வண்டியில் ஒட்டச் செய்தோம். இடம் குறித்த சான்றிதழுக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தையும் எழுதினோம். அட்டையொன்றால் எல்லாம் முடிந்துவிடும் என்று யாம் கருதுகின்றிலேம்; விண்ணப்பத்திற்கு இன்னும் விடை வரவில்லை. பஜ்ஜிக்குரிய காசை நீட்டியபோது அவள் மறுக்காது எண்ணி வாங்கி, சுருக்குப்பையில் இட்டாள். அவள் நம் இரக்கத்தை வேண்டுபவள் அல்லள்; வாணிகம் செய்பவள்.

மாணவ நண்பர்களே! விடுமுறை நாளில் உணவு வண்டிகளைத் தேடிச் செல்வது இனிய பொழுதுபோக்கே, செல்லுங்கள். புதியன கண்டு உண்ணுங்கள். உழைக்கும் இளைஞரை ஊக்குங்கள். அவ்வண்ண வண்டிகளின் வரிசை முடிந்தபின்னும் நான்கடி கூடுதலாக நடந்து பாருங்கள். அங்கே அவ்வண்டிகளுக்கெல்லாம் மூத்த வண்டியொன்று நிற்கும். அதனிடத்தும் வாங்குங்கள். அங்கு நிற்பவர் கையில் படிக்கப்படாத அட்டை ஏதேனும் இருப்பின், கல்லூரியில் நாம் கற்ற எழுத்து அதற்கும் பயன்படுவதாகுக.